பன்னிரண்டாம் எண்ணுக்கு என்ன பொருள்?

பழைய டாஸ் காலத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நீளமான கணக்கு அறிக்கை ஒன்றைத் திரையில் திறந்தால், ஒவ்வொரு பக்கமும் முடிகிற இடத்தில் தனியாக ஒரு ♀ நிற்கும். சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, வட்டிக் கணக்கு, எதுவாக இருந்தாலும் சரி. அதே கோப்பை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்பினால் அந்தச் சின்னம் தாளில் விழாது. அந்த இடம் வந்ததும் பிரிண்டர் சரசரவென்று தாளைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்தின் தலைக்குப் போய் நிற்கும்.

இதில் பழுது எதுவும் இல்லை. ஆஸ்கி என்கிற பழைய எழுத்து அட்டவணையில் முதல் 32 இடங்கள் எழுத்துகளுக்கானவை அல்ல, எந்திரத்துக்கான கட்டளைகள். 7 என்றால் மணி அடி. 10 என்றால் அடுத்த வரிக்குப் போ. 12 என்றால் அடுத்த பக்கத்துக்குப் போ. 1981-ல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, திரையைப் பொறுத்தவரை சும்மா கிடந்த இந்த இடங்களில் படங்களை நிரப்பினார்கள். 1, 2-ல் சிரித்த முகங்கள், 3 முதல் 6 வரை சீட்டுக்கட்டின் நான்கு சாதிகள், 11-ல் ♂, 12-ல் ♀, 13, 14-ல் இசைக் குறிகள். இன்றைக்கும் விண்டோஸில் ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 12 தட்டினால் பல மென்பொருள்களில் ♀ வந்து விழும்.

எண் ஒன்றுதான். பிரிண்டர் அதைக் கட்டளையாகப் படித்தது, திரை படமாகப் படித்தது. பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கும் எனக்கு, குறிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஒரு குறிக்கு எண் கொடுப்பது வீட்டுக்குக் கதவு எண் கொடுப்பது மாதிரி. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதை அந்த எண் முடிவுசெய்வதில்லை. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும்தான் குடிவைக்கிறார்கள். ஆண், பெண் சின்னங்கள் வந்த வழியைப் பார்த்தால் அந்த இரண்டு வீடுகளில் எத்தனை பேர் குடியிருந்து போயிருக்கிறார்கள் என்று தெரியும்.

♂ என்பது செவ்வாய்க் கிரகம். ♀ வெள்ளிக் கிரகம். ஐரோப்பிய ரசவாதிகள் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓர் உலோகத்தை ஒதுக்கியிருந்தார்கள். அதனால் ♂ இரும்பாகவும் ♀ செம்பாகவும் ஆயின. ஈட்டியும் கேடயமும் சேர்ந்தது ♂, கைக்கண்ணாடி ♀ என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. வில்லியம் ஸ்டெர்ன் என்ற தாவரவியல் அறிஞர் 1962-ல் இதை ஆராய்ந்து, அந்தக் கிரகங்களின் கிரேக்கப் பெயர்களைச் சுருக்கி எழுதியதிலிருந்து வந்தவை இவை என்ற கருத்தையே ஏற்றுக்கொண்டார். எனக்கும் அதுதான் நம்பும்படியாக இருக்கிறது. நாள் முழுக்கக் கையால் எழுதுகிறவர்கள் அடிக்கடி வரும் சொல்லை ஒரே இழுப்பில் சுருக்கிவிடுவார்கள். நம் பழைய பத்திர எழுத்தர்கள் செய்ததும் அதைத்தான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இந்தச் சின்னங்களை ஆண், பெண் என்ற பொருளுக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். 1751-ல் கலப்புச் செடிகளைப் பற்றிய ஓர் ஆய்வுரையில் அப்படிப் பயன்படுத்தினார். ஆனால் செடிகொடிகளுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைத்து 1753-ல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் ♂-க்கு வேறு வேலை. செவ்வாய் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ இரண்டு வருஷம் ஆகும். ஆகவே இரண்டு வருஷம் வாழும் செடிக்கு ♂ போட்டார். பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொள்ளும் வியாழனின் குறியைப் பல வருஷம் தழைக்கும் செடிகளுக்கும், இன்னும் மெதுவாகச் சுற்றும் சனியின் குறியைக் கட்டைத்தண்டு உள்ளவற்றுக்கும் வைத்தார். அதே மனிதர், இரண்டு வருஷ இடைவெளி, ஒரே குறிக்கு இரண்டு பொருள். அவருடைய வாசகர்கள் குழம்பியிருக்க மாட்டார்கள். எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் பனைக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் அறிவியல் பெயரும் அந்த 1753 நூலில் இருப்பதுதான். பனையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தேரியில் நிற்கிற வடலியைக் காட்டி இது ஆணா பெண்ணா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் தாண்டி, பாளை விட்ட பிறகுதான் தெரியும். ஆண்பனையின் பாளை விரல் விரலாக நீண்டு தொங்கும். பெண்பனையில் குரும்பை பிடித்து நுங்காகும். பதநீர் இரண்டிலும் இறக்கலாம், ஆனால் பாளையை இடுக்கிப் பதப்படுத்தும் முறை வேறு, அதற்கான கருவியும் வேறு. பனை ஏறுகிறவருக்கு இந்த வேறுபாடு வயிற்றுப்பாடு. இருந்தும் அவர் எந்த மரத்திலும் ♂, ♀ எழுதி வைத்ததில்லை. அவர் படிக்க வேண்டியது மரத்தின் உச்சியிலேயே இருக்கிறது. கல்லூரியில் தாவரவியல் படிக்கிற பிள்ளைக்கு ரெக்கார்டு நோட்டில் அந்தச் சின்னம் தேவைப்படுகிறது, ஏனென்றால் நோட்டில் பாளை இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதை விட்டுவிட்டு ஒரு குறியின் பொருளைப் பேசவே முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது அட்டவணை யூனிகோட். 1991-ல் அதன் முதல் பதிப்பு வந்தபோது இரண்டு சின்னங்களும் அதில் இருந்தன. ஐபிஎம் அட்டவணையில் இருந்தன, 1978-ல் ஜப்பான் வகுத்த எழுத்து அட்டவணையிலும் இருந்தன. ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதைக் கைவிடக் கூடாது என்பது யூனிகோடின் வழக்கம். ♀-க்கு 2640, ♂-க்கு 2642 என்ற எண்கள் கிடைத்தன. நடுவில் 2641 பூமி. முன்னால் புதன், பின்னால் வியாழன், சனி. இடம் கிரகங்களின் வரிசையில், பெயர் மட்டும் பெண், ஆண். பக்கத்தில் சின்ன எழுத்தில் வெள்ளி, செம்பு என்றும் செவ்வாய், இரும்பு என்றும் குறிப்பு உண்டு. பழைய குடித்தனக்காரர்களை யாரும் விரட்டவில்லை.

யூனிகோடில் ஒரு முறை வைத்த பெயரை மாற்றக் கூடாது என்று கண்டிப்பான விதி இருக்கிறது. தப்பாக இருந்தாலும் அப்படியேதான் இருக்கும். நம் ஆய்த எழுத்துக்கு அந்த அட்டவணையில் உள்ள பெயர் தமிழ் விசர்க்கக் குறி. விசர்க்கம் என்பது வடமொழியில் ஹகரம் போல ஒலிக்கும் இரட்டைப் புள்ளி. தேவநாகரியின் வரிசையை ஒட்டியே மற்ற இந்திய எழுத்துகளையும் அடுக்கியதால் விசர்க்கத்தின் இடத்தில் ஃ போய் உட்கார்ந்தது. அஃது என்று தட்டும்போது யாருக்காவது விசர்க்கம் ஞாபகத்துக்கு வருகிறதா? பத்திரிகைக்காரர்கள் ஃபோன், ஃபைல் என்று அதை வைத்து இன்னொரு ஒலியையே எழுதிக்கொண்டார்கள். பெயர் வைத்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். 2003-ல் பழைய தமிழ்க் கணக்குக் குறிகள் எட்டு யூனிகோடில் சேர்ந்தன. ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். எங்கள் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், ௸ வந்துகொண்டே இருக்கும். முதலில் ஊர், பேர், தகப்பனார் பேர் எல்லாம் முழுசாக எழுதுவார்கள். அப்புறம் ௸ ஊர், ௸ நிலம், ௸யார். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்காமல் ‘மேற்படியார்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். இப்போது பழைய பத்திரத்தைத் தட்டச்சு செய்யக் கொண்டுவரும் பிள்ளைகள், “இது என்ன எழுத்து அண்ணாச்சி?” என்று விரலை வைத்துக் கேட்கிறார்கள். சொல்லிக் கொடுத்தால் அடுத்த வரியில் அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2019-ல் இன்னும் 51 குறிகள் சேர்ந்தன. முந்திரி எனப்படும் 320-ல் ஒரு பங்கு முதல் முக்கால் வரை தமிழ்ப் பின்னங்கள். நெல், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு. காசு, பணம், பொன், வராகன். நன்செய், புன்செய், உப்பளம். உப்பளத்துக்குத் தனியாக ஒரு குறி இருந்திருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. தூத்துக்குடி, ஆறுமுகநேரி அளங்களெல்லாம் 1986 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்தவைதானே. வயலையும் காட்டையும் போல உப்பு விளையும் நிலத்தையும் ஒரே இழுப்பில் எழுத வேண்டிய அளவுக்குக் கணக்கர்களுக்கு அது அன்றாடம் வந்துபோயிருக்கிறது. அந்தக் குறியை இங்கே நான் தட்டவில்லை. தட்டினால் உங்களில் பலருடைய போனில் வெறும் கட்டம்தான் தெரியும். எண் இருக்கிறது, அதைக் காட்ட எழுத்துரு வேண்டும். எழுத்துரு வந்தாலும் வாசிக்க ஆள் வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் எமோஜி. அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

போலீஸ்காரர் எமோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதன் பெயரில் ஆண் என்றோ பெண் என்றோ இல்லை, போலீஸ் அதிகாரி அவ்வளவுதான். ஆனால் படம் வரைந்த நிறுவனங்கள் ஆணாக வரைந்தன. முடி வெட்டிக்கொள்ளும் ஆளைப் பெண்ணாக வரைந்தன. பெயரில் இல்லாத ஒன்றைப் படம் சொல்லிவிட்டது. எந்த நிறுவனத்தின் போன் கையில் இருந்தாலும் அதுவே பொருளாகப் போய்விட்டது. 2016-ல் இதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டார்கள். ஓடுகிற ஆள், அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி, அதற்குப் பின்னால் ♀. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஓடும் பெண். கிரகமாக இருந்து, செம்பாக இருந்து, பக்கம் தள்ளும் எண்ணின் முகமாக இருந்த அதே ♀, இப்போது இன்னொரு படத்துக்கு ஒட்டாக வேலை பார்க்கிறது.

பழைய போனில் இந்த ஒட்டு பிரிந்துவிடும். ஓடுகிற ஆள் ஒருவர், பக்கத்தில் தனியாக ஒரு ♀ என்று தெரியும். தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத குறிகள் பழக்கமானவை. க், ஷ இரண்டும் ஒட்டி க்ஷ ஆகாமல் தனித்தனியாக நிற்க வேண்டுமென்றால், நடுவில் அப்படி ஒன்றைத்தான் வைக்கிறோம். எங்களுக்கு அது பிரிக்கிறது, எமோஜியில் அதன் உடன்பிறப்பு சேர்க்கிறது.

விவசாயி எமோஜிக்கு இன்னொரு சேர்மானம். பெண், இணைப்புக் குறி, அப்புறம் 🌾. அந்தக் கதிருக்கு யூனிகோடில் உள்ள பெயர் நெற்கதிர். ஆக, ஒரு பெண்ணையும் நெற்கதிரையும் சேர்த்தால் உழவர் பெண். தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நடுகிற, களை பறிக்கிற, கதிர் அறுக்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிடச் சரியான சேர்மானம் தோன்றாது. ஆனால் போனில் தெரிகிற படம் வைக்கோல் தொப்பியும் தோளில் வார் வைத்த கால்சட்டையும் போட்ட ஒருத்தி. சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண்சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிச் சேற்றில் நிற்பவள் அதில் இல்லை. அட்டவணை அவளை விலக்கவில்லை. அட்டவணையில் இருப்பது பெண்ணும் நெற்கதிரும் மட்டும்தான். வரைந்தவர்கள் கண்ணில் அவள் படவில்லை. 2019-ல் வந்த கோயில் எமோஜிக்கும் இதே நிலைமைதான். பெரும்பாலான போன்களில் வடநாட்டுச் சிகரம் மாதிரி இருக்கும். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் படம் போடுகிறவர்கள் அதையே பக்கத்தில் ஒட்டி அனுப்புகிறார்கள், வாங்குகிறவர்கள் அதைக் கோபுரமாகவே படித்துக்கொள்கிறார்கள். 2019-லேயே ஆண், பெண் என்று காட்டாத ஆட்களையும் பரவலாகக் கொண்டுவந்தார்கள். நான் அதை வரவேற்கிறேன். போலீஸ் என்று சொல்ல நினைக்கிறவர் போலீஸ் என்று மட்டும் சொல்லட்டும்.

கழிப்பறைக் கதவு விஷயத்தில் நான் இவ்வளவு பொறுமையாகப் பேச முடியாது. அங்கே படிக்கத் தெரியாவிட்டால் ஒருவர் அவமானப்பட நேரும். எங்கள் ஊர்ப்பக்கம் முன்பெல்லாம் பெயிண்டர்கள் சுவரில் முகம் வரைந்து வைப்பார்கள். மீசை வைத்த முகம், பூ வைத்த முகம், கீழே ஆள் உயரத்தில் பாதிக்கு ஆண்கள், பெண்கள் என்ற எழுத்து. படிக்கத் தெரியாதவரும் தயங்காமல் போகலாம். இப்போது புதிதாகக் கட்டும் இடங்களில் பித்தளையில் வெட்டிய ♂, ♀ மட்டும் மாட்டுகிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் என் அம்மா, மூட்டு வலியோடு அவ்வளவு தூரம் நடந்து போய், இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றுவிட்டாள். பட்டுச்சேலை கட்டிய ஒரு பிள்ளை உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கதவைத் தள்ளினாள். வீட்டுக்கு வந்து, “வட்டத்துக்குக் கீழே சிலுவை போட்டிருந்தா நான் என்னத்தைக் கண்டேன்?” என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்.

நிற்கும் ஆள் உருவங்கள் மேல் என்றாலும் அவையும் முழுசாக நம் ஊருக்குப் பொருந்தியவை அல்ல. 1974-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக வரைந்த தொகுப்பு அவற்றை உலகமெங்கும் பரப்பியது. கால்சட்டை போட்ட உருவம் ஆண், பாவாடை விரிந்த உருவம் பெண். 2010-ல் இவையும் யூனிகோடுக்குள் வந்தன. எங்கள் ஊரில் பாதி ஆண்கள் வேட்டி அல்லது சாரம், பிள்ளைகள் பலர் சுடிதார். அந்த விரிந்த பாவாடையைப் பெண் என்று படிப்பது பார்த்துப் பார்த்துப் பழகியதால்தான். பழகாதவர்களும் அந்தக் கதவுக்கு வருவார்கள். என் கடைக்குக் கழிப்பறை போர்டு கேட்டு வருகிறவர்களிடம் படம் எதுவானாலும் போடுகிறேன், கீழே தமிழில் எழுத்து இல்லாமல் மட்டும் போட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

இரண்டு கதவுகளுக்கும் வெளியே நிற்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

⚧ என்ற சின்னம் 1990-களில் அமெரிக்கத் திருநர் இயக்கத்தில் பரவியது. ♂, ♀ இரண்டையும் அடையாளமாகக் கொண்டு, மூன்றாவதாக அம்பும் குறுக்குக்கோடும் சேர்ந்த ஒரு கையையும் வைத்து வரைந்தது. 2005-ல் யூனிகோடில் இடம் கிடைத்தது. அங்கே அதற்கு வைத்த பெயர் அதன் வடிவத்தை மட்டும் விவரிக்கிறது, கோடு போட்ட ஆணும், ஆணும் பெண்ணும் சேர்ந்த சின்னம் என்கிற மாதிரி. யாரைக் குறிக்கிறது என்பது பக்கத்துக் குறிப்பில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது 2008-ல். மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014-ல். வெள்ளைக் கொடியோடு ⚧ சேர்த்துத் திருநர் கொடி எமோஜி ஆனது 2020-ல். இந்த வருஷங்களை அடுக்கிப் பார்க்கும்போது, எழுத்து அட்டவணையில் கிடைத்த இடம் எவ்வளவு சின்னது என்றும் தெரிகிறது, அதற்காக ஏன் மெனக்கெட்டார்கள் என்றும் தெரிகிறது. எண் இல்லாத குறியை ஒரு விண்ணப்பத்தில், ஒரு மெசேஜில், ஒரு பெயருக்குப் பக்கத்தில் தட்டவே முடியாது.

எங்கள் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் திருநங்கை ஒருவர் விசிட்டிங் கார்டு அடிக்க வந்தார். அந்தச் சின்னத்தைப் போனில் காட்டி, பெயருக்குப் பக்கத்தில் வேண்டும் என்றார். கார்டுக்கு அவர் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தட்டினேன், கட்டம் வந்தது. இன்னொன்றில் தட்டினேன், அதிலும் கட்டம். திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சாதாரணமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குறிகளுக்கென்றே உள்ள ஓர் எழுத்துருவில் கிடைத்தது. அச்சகத்தில் மறுபடியும் கட்டமாகிவிடக் கூடாதே என்று கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுப் படமாக மாற்றி, பெயரின் தடிமனுக்குச் சமமாகக் கோட்டைத் தடித்து வைத்தேன். பார்த்துவிட்டு, “பக்கத்துல திருநங்கைன்னும் போடுங்க அண்ணாச்சி. ஒவ்வொருத்தருக்கும் இது என்னன்னு சொல்லிட்டிருக்க முடியாதுல்லா” என்றார்.

சில மாதம் கழித்துக் கடைக்கு ஃபிளெக்ஸ் போர்டு வேண்டும் என்று வந்தார். அந்தக் கார்டின் கோப்பைத் திறந்து, சின்னத்தைப் பெரிதாக்கப் போனேன்.

“போர்டுல அது வேண்டாம்.”

“ஏன் அக்கா?”

“கார்டு ஆபீஸ்ல குடுக்கதுக்கும் எங்க ஆளுகளுக்கும். போர்டு பிளவுஸ் தைக்க வாறவங்களுக்கு. கத்திரிக்கோல் படம் போடுங்க, லைனிங் பிளவுஸ் எவ்வளவுன்னு பெருசாப் போடுங்க.”

ஆறுக்கு மூன்று அடி, மஞ்சள் பின்னணி. கத்திரிக்கோல் என் கம்ப்யூட்டரில் எந்த எழுத்துருவிலும் கட்டமாகாமல் உடனே வந்தது.